மைனஸ் 30 டிகிரியைத் தாங்கும் பூட்ஸ், பினாங்கு அலமாரிக்குள் உதிர்ந்து போவது ஏன்?

பினாங்கில் வெளியே 32 டிகிரி வெயில். அலமாரியின் மேல் தட்டில், அட்டைப் பெட்டிக்குள், மைனஸ் 30 டிகிரி குளிருக்கென்று வாங்கிய ஒரு ஜோடி பூட்ஸ். சில வருடங்களுக்கு முன்பு கொரியாவில் ஐந்து நாள் போட்டதோடு சரி. இந்த டிசம்பரில் ஹார்பின் போகலாம் என்று டிக்கெட் எடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தால், பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். காலில் மாட்டிப் பத்து அடி நடந்தால், அடிப்பகுதி காய்ந்த கேக் போல உதிர ஆரம்பிக்கும்.

மலேசியாவில் குளிர்கால உடைகளை விற்கும், வாடகைக்கு விடும் கடைக்காரர்களுக்கு இது பழகிப்போன புகார். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். பல சமயங்களில் உண்மையான காரணம் அந்த அலமாரிதான்.

வீட்டில் உதிர்ந்தால் நஷ்டம் பணத்தோடு போய்விடும். ஹார்பினில், நட்ட நடு வீதியில், மைனஸ் 20-இல் அடிப்பகுதி கழன்று விழுந்தால் கதையே வேறு.

சீனா 2023 டிசம்பர் 1 முதல் மலேசியர்களுக்கு விசா விலக்கு தந்தது. 2025 ஜூலையில் அது இரு நாட்டு ஒப்பந்தமாகவே நடைமுறைக்கு வந்தது. ஜப்பானிய யென் மதிப்பு சரிந்ததில் ஹொக்கைடோவும் எட்டும் தூரத்துக்கு வந்தது. பள்ளி விடுமுறைக்குப் பனி பார்க்கப் போவது இப்போது நடுத்தரக் குடும்பங்களுக்கும் சாத்தியம். அதனால் நம்ம வீடுகளில் குளிர்கால பூட்ஸ் சேர்ந்துகொண்டே போகிறது. வருடத்தில் ஒரு வாரம் வேலை, மீதி 51 வாரம் தூக்கம். பிரச்னை அந்தத் தூக்கத்தில்தான்.

சோபா உரிவதும் பூட்ஸ் உதிர்வதும் ஒரே கதை

உங்கள் வீட்டு சோபாவின் 'தோல்' பொடுகு மாதிரி உரிந்ததைப் பார்த்திருப்பீர்கள். அம்மாவின் கைப்பையில் கருப்புத் துகள் கையில் ஒட்டுவதையும் பார்த்திருப்பீர்கள். மூன்றுக்கும் பின்னால் இருக்கும் பொருள் பாலியூரித்தேன். சுருக்கமாக, பியு.

பூட்ஸில் தரையைத் தொடுவது பெரும்பாலும் ரப்பர். அந்த ரப்பருக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவே பஞ்சு போன்ற ஓர் அடுக்கு இருக்கிறது. அதைத்தான் பியு கொண்டு செய்கிறார்கள். நல்ல காரணத்தோடுதான் செய்கிறார்கள்: எடை குறைவு, அதிர்ச்சியைத் தாங்கும், சீக்கிரம் தேயாது, குளிரிலும் விறைக்காமல் வளையும். உள்ளே கோடிக்கணக்கான சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் இருப்பதால், பனித்தரையின் குளிர் பாதத்துக்கு ஏறுவதையும் அது தடுக்கிறது.

ஆனால் காலணிகளில் அதிகம் பயன்படும் பாலியெஸ்டர் வகை பியுவுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் இருக்கும் எஸ்டர் பிணைப்புகளைத் தண்ணீர் உடைத்துவிடும். மழையில் நனைய வேண்டும் என்றுகூட இல்லை, காற்றில் இருக்கும் ஈரமே போதும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். உடையும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த பிணைப்பு உடைவதை வேகப்படுத்துகிறது. அதனால்தான் ரொம்ப நாள் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரே நாளில் எல்லாம் கொட்டுகிறது. உள்ளே வேலை எப்போதோ தொடங்கிவிட்டது.

வெப்பமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் இப்படிப்பட்ட வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பள்ளி வேதியியலில் படித்த பொது விதி. பின்லாந்தில் ஒரு வீட்டுக்குள் குளிர்காலத்தில் 20 டிகிரி, காற்று வறண்டு கிடக்கும். பினாங்கில் ஆண்டு முழுவதும் சராசரி 27, 28 டிகிரி, காற்றின் ஈரப்பதம் சுமார் 80 சதவீதம். அதே பூட்ஸ், அதே பெட்டி, ஆனால் ஆயுள் வேறு. காரின் பின்பெட்டியில் போட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பாலியீதர் வகை பியு தண்ணீரை நன்றாகவே தாங்கும். அதற்கு எஸ்டர் பிணைப்பு இல்லை. ஆனால் தேய்மானத்தில் பாலியெஸ்டர் அளவுக்கு உறுதி கிடையாது. ஓட்டப்பந்தயக் காலணிகளில் வரும் ஈ.வி.ஏ. என்ற பஞ்சு இப்படி நீராற்பகுப்பில் உதிராது. ஆனால் நாள்பட நசுங்கிப்போகும், அதை ஒட்டிய பசையும் விடலாம். எல்லா நல்ல குணமும் ஒன்றாகச் சேர்ந்த பொருள் இதுவரை கடைக்கு வரவில்லை.

போடாமல் வைத்தால்தான் சப்பாத்து சீக்கிரம் கெடும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நடக்கும்போது பஞ்சு அமுங்கி விரிவதால் உள்ளே தேங்கிய ஈரம் வெளியேறுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். பத்திரமாக எடுத்து வைப்பதைப் பெருமையாக நினைக்கும் நம்ம வீடுகளுக்கு இது கொஞ்சம் கஷ்டமான செய்தி.

பெட்டியில் போட்ட 'மைனஸ் 40' யார் சொன்னது?

கடையில் பூட்ஸ் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது ஓர் எண். மைனஸ் 20, மைனஸ் 32, மைனஸ் 40. வாங்குபவர்கள் அதைக் காய்ச்சல் மாத்திரையின் மில்லிகிராம் அளவு மாதிரி நம்புகிறார்கள். ஆனால் சாதாரணச் சுற்றுலா பூட்ஸுக்கு எல்லா நிறுவனங்களும் பின்பற்றியே ஆக வேண்டிய ஒரே அளவுகோல் என்று எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் மைனஸ் 30-ஐ இன்னொரு நிறுவனத்தின் மைனஸ் 30-ஓடு ஒப்பிட முடியாது. நடந்துகொண்டே இருப்பவருக்குப் போதுமான பூட்ஸ், பேருந்துக்காக அரை மணி நேரம் அசையாமல் நிற்பவருக்குப் போதாது.

தொழிற்சாலைப் பாதுகாப்புக் காலணிகளுக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. ஐ.எஸ்.ஓ. 20345 என்ற சர்வதேசத் தரத்தில் 'சி.ஐ.' என்று ஒரு குறியீடு உண்டு. காலணியை மைனஸ் 17 டிகிரி அறையில் வைத்து, 30 நிமிடத்தில் உள்ளே வெப்பம் 10 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. இறங்காவிட்டால் அந்த இரண்டு எழுத்தும் கிடைக்கும். இவ்வளவு கறாரான சோதனையே மைனஸ் 17-இல், அரை மணி நேரம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு, 150 ரிங்கிட் பூட்ஸ் மேல் ஒட்டியிருக்கும் 'மைனஸ் 40' ஸ்டிக்கரைப் பாருங்கள்.

இன்னொரு கேள்வி: உங்களுக்கு உண்மையிலேயே மைனஸ் 40 வேண்டுமா? சப்போரோவில் ஜனவரி மாதச் சராசரி சுமார் மைனஸ் 3. சோலில் மைனஸ் 2-ஐ ஒட்டி. ஹார்பினில்தான் சராசரியே மைனஸ் 17, 18-க்குப் போகிறது, இரவில் இன்னும் கீழே. சப்போரோ போகிறவருக்குக் குளிரைவிடப் பெரிய எதிரிகள் இரண்டு: வழுக்கலும், உருகிய பனிச்சேறும். உறையாத குளிரில்கூட, நனைந்த பாதம் மணிக்கணக்காக அப்படியே இருந்தால் நரம்பும் தசையும் பாதிக்கும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களுக்கு வந்தது அதுதான். அடிப்பகுதி விரிந்து தண்ணீர் உள்ளே போகும் பூட்ஸ், சப்போரோவில் செருப்புக்குச் சமம்.

வழுக்கலைப் பொறுத்தவரை, கனடாவின் டொராண்டோ மறுவாழ்வு ஆய்வு நிலையம் 2016-இல் வெளியிட்ட சோதனை முடிவு இன்றும் நினைவில் வைக்கத்தக்கது. செயற்கைப் பனித்தரையில் மனிதர்களை நடக்கவிட்டு 98 வகை பூட்ஸ்களைச் சோதித்தார்கள். குறைந்தபட்சத் தரத்தைத் தொட்டது சுமார் பத்தில் ஒன்று மட்டுமே. பனி நாட்டுக் கடைகளில் விற்கும் சரக்குக்கே இந்த நிலை.

வியர்வை கற்றுக்கொடுத்த பாடம்

குளிர் பூட்ஸ் என்றால் உள்ளே நிறைய பஞ்சு இருந்தால் போதும் என்று நினைப்போம். அது தப்பு என்பதை அமெரிக்க ராணுவம் ரத்தம் சிந்திக் கற்றது. 1950 நவம்பர், டிசம்பரில் வட கொரியாவின் சோசின் நீர்த்தேக்கப் பகுதியில், மைனஸ் 30-ஐத் தொட்ட குளிரில், அவர்கள் போட்டிருந்தது கீழே ரப்பர், மேலே தோல் வைத்த ஒரு பூட்ஸ். நடக்கும்போது கால் வியர்க்கும். ரப்பர் வியர்வையை வெளியே விடாது. நின்றதும் அந்த ஈரம் காலோடு சேர்ந்து உறையும். அங்கே துப்பாக்கிக் குண்டோடு போட்டி போட்டுக்கொண்டு பனிக்கடி ஆட்களைச் சாய்த்தது.

அதற்குப் பிறகு வந்த வடிவம் ரொம்ப எளிமையானது. கம்பளியை இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே காற்றுப் புகாமல் அடைத்துவிட்டார்கள். கால் வியர்த்தாலும் கம்பளி நனையாது, நனையாத கம்பளி சூட்டை விடாது. உள்ளே அடைபட்ட காற்று விமானத்தில் போகும்போது விரிவடையும் என்பதால் பக்கத்தில் ஒரு வால்வுகூட வைத்தார்கள். பார்க்க மிக்கி மவுஸ் கால் மாதிரி இருந்ததால் பெயரும் அப்படியே நின்றுவிட்டது. கருப்பு நிறம் சுமார் மைனஸ் 29 டிகிரிக்கு, பிறகு வந்த வெள்ளை நிறம் மைனஸ் 50-ஐயும் தாண்டி. அலாஸ்காவில் பல பத்தாண்டு பழைய ஜோடிகளை இன்றும் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். கனம் அதிகம், அழகு கிடையாது, ஆனால் உதிர்ந்துபோகப் பியு அடுக்கு இல்லை.

ரப்பருக்கு இதில் ஒரு தனி மரியாதை உண்டு. இயற்கை ரப்பர் கண்ணாடி போல் விறைக்க வேண்டுமானால் சுமார் மைனஸ் 70 டிகிரி வேண்டும். அதே கொரியப் போர்தான் 1950-51-இல் மலாயாவில் ரப்பர் விலையை வானத்துக்குத் தூக்கியது. வெயில் ஏறுமுன் எழுந்து பால் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமார் பனியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பனியைக் காலால் தொட்ட நம்மவர்களும் இருக்கிறார்கள். 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியை எட்டிய முதல் மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகன்தாஸும். அந்த உயரத்தில் பூட்ஸ் என்பது உடையின் ஒரு பகுதி அல்ல, ஆக்சிஜன் சிலிண்டர் மாதிரி ஓர் உயிர்க் கருவி. மலேசியா 2011 அக்டோபர் 31 அன்று அண்டார்டிக் உடன்படிக்கையில் இணைந்தது. பினாங்கில் இருக்கும் யுஎஸ்எம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அந்தக் கண்டத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

பூட்ஸ் தீர்ந்துபோனால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவின் சியாச்சின் பனிப்பாறையைப் பார்க்கலாம். இந்தியத் தலைமைக் கணக்காயரின் ஓர் அறிக்கை 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை, உயர்மலைப் படையினருக்கான பல்நோக்கு பூட்ஸ் கொள்முதலே நடக்கவில்லை. இருந்த பூட்ஸ்களையே மறுசுழற்சி செய்து போட வேண்டியிருந்தது என்கிறது அந்த அறிக்கை. அதே காலத்தில், 2016 பிப்ரவரி 3 அன்று, மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது படைப்பிரிவைச் சேர்ந்த வீரர்கள் சியாச்சின் பனிச்சரிவில் புதைந்தார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். பனிச்சரிவுக்கும் பூட்ஸுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்த மாதிரி இடத்தில் நிற்பவர்களுக்கு யாரோ போட்டுக் கழற்றிய பூட்ஸ் போனது என்பதைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

பிறையிலும் தினமும் மைனஸ் 18

பினாங்கில் குளிர் பூட்ஸ் என்றால் சுற்றுலா மட்டும்தானா? பாலத்தைத் தாண்டிப் பிறை, புக்கிட் மின்யாக் பக்கம் போனால் குளிர்பதனக் கிடங்குகள். உறைந்த இறால், கோழி, ஐஸ்கிரீம் எல்லாம் மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். அதை அடுக்கி இறக்குபவர்கள் ஒரு நாளில் பல தடவை மைனஸ் 18-க்கும் 30-க்கும் நடுவே போய் வருகிறார்கள். ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும், குளிர்ந்த கண்ணாடிக் குவளை மேல் தண்ணீர் படிவது போல, பூட்ஸ் மேல் ஈரம் படிகிறது. உள்ளே வியர்வை. அது காயுமுன் மறுபடி குளிர். மேலே சொன்ன பியு உடைவதற்கு இதைவிட வசதியான சூழல் வேண்டுமா?

இந்த வேலைக்குத்தான் அந்த 'சி.ஐ.' சோதனை சரியாகப் பொருந்துகிறது. ஒருவருக்கு இரண்டு ஜோடி கொடுத்து, ஒன்று காயும்போது மற்றதைப் போட வைத்தால் காலும் பிழைக்கும், பூட்ஸும் கூடுதல் நாள் உழைக்கும். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-வது பிரிவு, இந்தச் சட்டத்தின்படி செய்து தருவதற்கு ஊழியரிடம் முதலாளி காசு வாங்கக் கூடாது என்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தச் சட்டத்தின் எல்லையை இன்னும் விரித்திருக்கிறது. சம்பளத்தில் பூட்ஸ் காசைப் பிடிக்கிறார்கள் என்றால், கேட்க உரிமை உண்டு. நேபாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவருக்கும் உண்டு. அவர் கேட்பாரா என்பதுதான் கஷ்டமான கேள்வி.

உதிர்ந்தால் கடைக்காரர் பொறுப்பா?

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் 'ஏற்கத்தக்க தரத்தில்' இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தரத்துக்கு 32-வது பிரிவு தரும் விளக்கத்தில் 'நீடித்து உழைப்பது' என்பதும் இருக்கிறது. இதே சட்டத்தில் 'வழங்குதல்' என்ற சொல்லுக்குள் வாடகையும் அடங்கும். எனவே வாடகை பூட்ஸ் ஹார்பினில் பிளந்தால், "வாடகைதானே" என்று கடைக்காரர் கை கழுவ முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டிப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் பினாங்குக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: எஸ்.எம். முகமது இத்ரிஸ் பல பத்தாண்டுகள் தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஜார்ஜ் டவுனிலேயே இயங்குகிறது.

ஆனால் ஐந்து வருடம் அலமாரியில் வைத்துவிட்டுப் போனால் வாதம் பலவீனம்தான். பூட்ஸ் எப்போது செய்யப்பட்டது என்பதே அங்கே பெரிய கேள்வியாகும். பாதுகாப்புக் காலணியில் தயாரிப்பு மாதமோ காலாண்டோ, ஆண்டோடு சேர்த்து அச்சிட வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 20345 கேட்கிறது. சுற்றுலா பூட்ஸில் அதைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. ரொட்டிப் பாக்கெட்டில் தேதி போடும் நாட்டில், காற்றுப் பட்டாலே கெடத் தொடங்கும் பொருளுக்குத் தேதி இல்லாதது வேடிக்கை. 'புதுசு' என்று விற்பது கிடங்கில் நான்கு வருடம் வெந்த சரக்காக இருக்கலாம். பண்டில் கடையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய பூட்ஸ் என்றால் சொல்லவே வேண்டாம்: தோல் அருமையாக இருக்கும், விலை ஆசை காட்டும், அடியில் இருக்கும் பியுவுக்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது.

எனவே கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது பெட்டியைத் திறங்கள். முதல் நாள் இரவில் திறந்து பயனில்லை. நடு அடுக்கைப் பெருவிரல் நகத்தால் அழுத்துங்கள். அமுங்கித் திரும்பினால் நல்லது. பள்ளம் அப்படியே நின்றாலோ, பிசுபிசுத்தாலோ, மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ அது போய்விட்டது. இரண்டு கையாலும் முன்பகுதியை மடக்கிப் பாருங்கள். பிறகு மாட்டிக்கொண்டு ஏதாவது பேரங்காடிக்குள் குளிர்சாதனத்தில் இரண்டு மணி நேரம் நடங்கள். நாலு பேர் பார்ப்பார்கள், பரவாயில்லை. கொடிமலை உச்சி 800 மீட்டருக்கு மேல் என்றாலும் இந்த பூட்ஸுக்கு அங்கேயும் வெக்கைதான்.

அளவு எடுக்கும்போது தடித்த காலுறையோடு போய், விரல்களை அசைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறையும், எவ்வளவு பஞ்சு இருந்தும் கால் விறைக்கும். வியர்க்கும் என்பதால் மாற்றுக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி வேண்டாம், கம்பளி.

திரும்பி வந்ததும் நேராகப் பெட்டியில் போடாதீர்கள். உள் தட்டை வெளியே எடுத்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர விடுங்கள், வெயிலில் வேண்டாம். பிறகு மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி, அதில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், வீட்டிலேயே குளிர்ச்சியான அறை. சில மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் போட்டு நடங்கள், அப்படியே ஜெல்லையும் மாற்றுங்கள். இவ்வளவு செய்தும் பியு என்றைக்கோ ஒருநாள் உடையத்தான் செய்யும், கொஞ்சம் தாமதமாக.

உதிர்ந்த பிறகு பசை போட்டு ஒட்டலாமா என்று கேட்கிறார்கள். பசை பிடிக்க உறுதியான ஒரு பரப்பு வேண்டும், இங்கே பரப்பே பொடி. பழைய அடுக்கை முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புது அடிப்பகுதி போடத் தெரிந்த காலணித் தொழிலாளி கிடைத்தால், மேல் பகுதி நல்ல தோலாக இருந்தால், செலவழிக்கலாம். வருடத்துக்கு ஒரு வாரம்தான் போடப் போகிறீர்கள் என்றால், போகிற ஊரிலேயே வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ பெரும்பாலும் மலிவு. அதற்கும் முன்னால், கடையில் நின்றபடியே, அந்தப் பெருவிரல் நகச் சோதனையைச் செய்துவிடுங்கள்.